பிலியாங் வீட்டுக்கு வந்த சாலை

கடற்கரைச் சாலை தன் இடத்தை விட்டு எழுந்து முதன்முதலாகப் பிலியாங் குலத்தாரின் வீட்டுக்கு வந்த மாலையில் அங்கே இருந்தவர்கள் இவர்கள்: குலத்தலைவர் டத்துக் மாங்குத்தோ அலாம், அவருடைய அக்கா அஸ்னிமார், நகரத் திட்ட அலுவலகத்தில் வரைபடம் போடும் அக்கா மகள் யெல்வி, அவளுடைய மேலதிகாரியான ஜாவாக்காரர் சுகெங், தொழுகைக்கூடத்து இமாம் ஜமாரிஸ், தேங்காய் லாரி ஓட்டும் சியாஃப்ரில், மேளக்காரர்கள், ஓர் எருமை. வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் லூபுக் காண்டாங் நகரில் பாதிப்பேர் உண்டு, அவர்கள் அங்கே இல்லை. மழை விட்டிருந்தது. மாலைத் தொழுகைக்குக் கொஞ்சம் நேரம் இருந்தது. சாலை தென்னந்தோப்பைச் சுற்றிக்கொண்டு, நடுவிலிருந்த வெள்ளைக்கோடு கலையாமல், யாரோ காயப்போட்டிருந்த நெத்திலிப் பாயையும் சுமந்தபடி, மெதுவாக வந்து படிக்கட்டின் கீழே நின்றது. கால் கழுவும் தொட்டியருகே அதன் விளிம்பு நனைந்தது. டத்துக் முதுகை வளைக்காமல் நின்று, "வாங்க" என்றார்.

அதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு நகரம் மேட்டு நிலத்தில் புதிய குடியிருப்பு ஒன்றைக் கட்டத் தொடங்கியது. மருத்துவமனை அங்கே போயிற்று, சந்தையில் பாதி போயிற்று, பள்ளிக்கூடம் போயிற்று. சாலை மட்டும் பழையபடி கடலோரமாகவே ஓடியது. ஒவ்வொரு பருவமழைக்கும் அலை அதன் ஓரத்தைக் கொஞ்சம் கடித்துத் தின்றது. சாலையை வளைத்து உள்நாட்டுப் பக்கம் கொண்டுவந்து மேட்டுக் குடியிருப்போடு சேர்ப்பதென்று தீர்மானித்தார்கள். கோடு போட்டவள் யெல்வி. எப்படிப் போட்டாலும் அது பிலியாங் குலத்தின் வயலையும் தோப்பையும் கடந்தே ஆக வேண்டியிருந்தது. ஒரு பக்கம் சதுப்பு, மறுபக்கம் கல்லறைகள். அவள் கோடு போட்ட அன்றே வயலில், அந்தக் கோடு விழுந்த இடம் முழுக்க, நெற்கதிர்கள் வகிடு எடுத்ததுபோல இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றன. வாத்துகள் அந்த வகிட்டில் வரிசையாக நடந்தன. கோழிகள் அதைத் தாண்டுமுன் வலமும் இடமும் பார்த்தன. டத்துக் இதையெல்லாம் பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை.

சுகெங் முதல்முறை வந்தபோது வெற்றிலைத் தட்டு இல்லாமல் கோப்போடு வந்தார். ஜாவாக்காரர், தெரியாது, மன்னிக்கலாம். "உங்க நிலத்த நகரம் எடுத்துக்கிட்டா நல்ல விலை கிடைக்கும் டத்துக்" என்றார். அந்த இடத்தில் டத்துக் அவரைத் திருத்தியிருக்க வேண்டும். இந்தக் கரையில் நிலம் பெண்களுடையது. தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. தாய்மாமன் காவல் இருக்கிறான், பேசுகிறான், சண்டை வந்தால் முன்னால் நிற்கிறான். ஒரு பிடி மண்கூட அவனுடையதல்ல. "நிலம் என்னுடையதல்ல, அக்காவைக் கேட்க வேண்டும்" என்று சொல்வதற்கு ஒரு மூச்சு போதும். ஆனால் 'உங்க நிலம்' என்ற சொல் காதுக்கு நன்றாக இருந்தது. டத்துக் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "விக்கிறதுக்கு இது என்ன மீனா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். அடுத்த வருடமும் அப்படியே அனுப்பினார். அதற்கடுத்த வருடமும். உள்ளே அஸ்னிமார் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவளை ஒருவரும் கேட்கவில்லை.

டத்துக்கின் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. பட்டம் ஏற்ற நாளில், எருமை வெட்டி ஊரையே கூட்டி, குலத்தின் நிலம் தன் காலத்தில் குறையாது என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குத் தவறினால் பட்டத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். எத்தனை தலைமுறை கழித்து எவன் அதை மீண்டும் விரிப்பான் என்று சொல்ல முடியாது. அவருக்கு முன்னிருந்த மாங்குத்தோ அலாம்கள் எல்லோரும் அந்தப் பெயரைக் கறையில்லாமல் கொடுத்துவிட்டுப் போனவர்கள். இவர் மட்டும் விற்றவர் என்று பெயர் வாங்குவதா? அதைவிடச் சாலை கடலுக்குள் போகட்டும் என்றிருந்தார்.

இதற்கிடையே பணம் வந்து வந்து போயிற்று. தாருக்குத் தலைநகரம் கொடுத்தது, பாலத்துக்கு மாநிலம் கொடுத்தது, நிலத்துக்கு நகரம் ஒதுக்கியது. நிலத்துப் பணம் கைமாறாமல் மற்ற எதையும் தொடக்கூடாதென்று விதி. வருட முடிவில் எல்லாம் திரும்பிப் போகும். மழைக்காலத்துக் கொக்குகள்போல அடுத்த வருடம் திரும்பி வரும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இளைத்து. தார் விலை ஏறியது. பாலம் எப்படியோ கட்டப்பட்டுவிட்டது. இரண்டு பக்கமும் சாலையில்லாமல் வயலோரத்துக் கால்வாய்மேல் தனியாக நின்று, மாலையில் மீன்கொத்திகளுக்கு இடம் கொடுத்தது. கடைசியில் நிலத்துக்கென்று இருந்த பணத்தை நகரம் வேறெதற்கோ எடுத்துக்கொண்டது. தார்ப் பணம் மட்டும் மிஞ்சியது. அதுவும் போதவில்லை.

காப்பிக்கடையில் பேச்சு வேறு மாதிரி ஓடியது. "டத்துக் ஏன் கையெழுத்துப் போடலன்னு தெரியுமாடா? நிலம் முத்தணுமாம், தேங்கா மாதிரி. முத்தினப்புறம் பறிச்சா விலை கூட" என்றான் சியாஃப்ரில். டோமினோக் கட்டைகள் குலுங்கச் சிரித்தார்கள். இது டத்துக்கின் காதுக்கு வந்தது. அன்றிலிருந்து அவர் காப்பிக்கடைக்குப் போகவில்லை. விற்றவன் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். விலைக்காகக் காத்திருப்பவன் என்றார்களே. இரவு உணவில் மாட்டிறைச்சி இருந்தும் வெறும் சோற்றைத் தின்றார்.

அந்த வருட மழையில் கடல் சாலையின் பாதி அகலத்தைத் தின்றது. பேருந்துக்காரர்கள் ஆட்களை இறக்கி நடக்கவிட்டுக் காலி வண்டியை ஓட்டிக் கடத்தினார்கள். மருத்துவ வண்டி நிற்கும், நோயாளியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். சாலைக்கும் பொறுக்கவில்லை போலும். மாலை நேரங்களில் அது முழங்கையை ஊன்றி எழப்பார்த்தது. ஓட்டுநர்கள் அதை உணர்ந்தார்கள்; தாலாட்டுகிறது என்றார்கள். ஒரு விடியலில் பார்த்தால் அது புரண்டு வந்து, வேலிக்கு வெளியே, தோப்பு நிழலில் படுத்திருந்தது. வெயில் ஏறியதும் தன் இடத்துக்குப் போய்விட்டது. மறுநாளும் வந்தது.

"மாமா, ரோடு மறுபடியும் நம்ம வேலிகிட்ட வந்து படுத்திருக்கு" என்றாள் யெல்வி.

"உன் ஆபீஸ்காரங்க அனுப்பியிருப்பாங்க."

"ஆபீஸ்ல ஒரு பேனாகூட சொன்ன இடத்துக்குப் போகாது மாமா. இது தானா வருது."

அப்போதுதான் அஸ்னிமார் தேங்காய் துருவுவதை நிறுத்தினாள். "வீட்டு வாசல்ல வந்து நிக்கிறவன எத்தன நாளைக்கு வெளியவே போட்டு வச்சிருப்ப?" என்றாள் தம்பியிடம்.

"உள்ள விட்டா நிலம் போயிடும், அக்கா."

"யாரு நிலம்?"

டத்துக் தலைப்பாகையைச் சரிசெய்தார்.

"இத்தன வருஷமா வாசல்ல நின்னு இல்ல இல்லன்னு சொல்லி அனுப்புறியே, உள்ள வந்து என்ன ஒரு வார்த்த கேட்டியா? நான் செவிடா? செத்தா போயிட்டேன்?" அவள் குரலை உயர்த்தவில்லை. "விக்கச் சொல்லி நானும் சொல்ல மாட்டேன். என் புருசன் இந்த வீட்டுலதான் கடைசிவரைக்கும் படுத்தான். படுத்த எடம் அவனுதாயிடுச்சா? மாப்பிள்ள வந்தா சோறு போடுவோம், மரியாதை குடுப்போம், நிலம் நம்மகிட்டதான இருக்கும்? போ. போயி முறையா கேட்டு அழைச்சிட்டு வா."

 மறுநாள் டத்துக் கறுப்பு உடையும் பட்டத் தலைப்பாகையும் அணிந்து, பித்தளை வெற்றிலைத் தட்டை இமாம் ஜமாரிஸ் ஏந்திவர, திட்ட அலுவலகத்துக்குள் நுழைந்தார். சுகெங் முகம் மலர்ந்து பேனாவை எடுத்து நீட்டினார். டத்துக் அதைப் பார்க்கக்கூட இல்லை. தட்டை மேசைமேல் வைத்து, வெற்றிலை போட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எங்க வீட்டுப் பொண்ணுங்க சார்பா வந்திருக்கேன். ஒங்க பையன எங்க வீட்டுக்குக் கேக்குறோம்."

"எந்தப் பையன், டத்துக்?"

"ரோடு."

சுகெங் யெல்வியைப் பார்த்தார். அவள் பெண் வீட்டுக்காரி. அந்த இடத்தில் வாய்திறப்பது முறையல்ல. வரைபடத்தின் ஒரு மூலையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கரையில பொண்ணு வீடுதான் மாப்பிள்ளைக்கு அழைப்புப் பணம் குடுத்துக் கூட்டிட்டு வரும்" என்றார் டத்துக். "வளர்த்தவங்க நீங்க. என்ன எதிர்பாக்குறீங்கன்னு கூச்சப்படாம சொல்லுங்க."

சுகெங் நல்ல மனிதர். கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தார் கொஞ்சம் குறையுது" என்றார்.

"அது எங்க பொறுப்பு" என்றார் டத்துக்.

பெண்கள் வளையல்களைக் கழற்றினார்கள். வெளியூர்களில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் குலத்துப் பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள். ஒரு போகத்துத் தேங்காய் முழுவதும் போயிற்று. நகரம் அந்தப் பணத்தைப் பொதுமக்கள் பங்களிப்பு என்ற தலைப்பில் வரவு வைத்தது. அதுவரை அந்தத் தலைப்பின் கீழ் எதுவுமே இருந்ததில்லை. விற்பனை இல்லை என்பதால் கையெழுத்துப் போட வேண்டிய இடமும் இல்லை. பிறகு ஒரு மாலையில் மேளத்தோடு கடற்கரைக்குப் போய், சாலையின் கிழிந்த ஓரத்தில் டத்துக் வெற்றிலையை வைத்தார். முதலில் சொன்னவர்கள் எல்லோரும் உடனிருந்தார்கள். சியாஃப்ரில் லாரியை ஓரங்கட்டிவிட்டு, தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். சாலை எழுந்தது; அதை வரவேற்க டத்துக் முந்திப் போய்ப் படியருகே நின்றார்.

அந்தக் காலத்து மாப்பிள்ளைகளைப் போலவே அது பொழுது சாய வரும், விடிய எழுந்து தாய்வீடான கடற்கரைக்குப் போய்விடும். அது படுத்த இடத்தில் ஒரு கதிரும் சாயவில்லை; போனபின் நெல் பனியோடு நிமிர்ந்து நின்றது. வளைந்து வரும்போது நீளம் போதாமல் இடுப்பில் வெடிப்பு விட்டது. புதிய தாரை அங்கேதான் போட்டார்கள், நாளடைவில் சதை பிடித்தது. தனியாக நின்ற பாலத்தின்மேல் அது தலைவைத்துத் தூங்கியது. பேருந்துக்காரர்கள் காலை வழி, மாலை வழி என்று இரண்டு அட்டவணை அச்சடித்தார்கள். மேட்டு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் முடிந்தவரை மாலையில் நோயுற்றார்கள். மீன்காரிகள் சந்தையை அந்திக்கு மாற்றினார்கள். அது இன்றும் அந்திச் சந்தைதான்.

சில வருடங்கள் இப்படிப் போயின. கடற்கரையில் இடம் ஒடுங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் அதிகாலை, சாலை கிளம்புமுன், அஸ்னிமார் ஒரு குவளை காப்பியும் பொரித்த வாழைப்பழமும் கொண்டுவந்து கீழ்ப்படியில் வைத்தாள். "இருந்துட்டுத்தான் போயேன்" என்றாள். வெயில் ஏறியது. சாலை போகவில்லை. அதன்பின் போகவே இல்லை. நெல், வகிட்டின் இரண்டு பக்கமும் இடம்விட்டு வளர்ந்தது. கடலோரத்தில் அது இருந்த இடத்தைக் கடல் எடுத்துக்கொண்டது.

இப்போது மருத்துவ வண்டி நிற்காமல் போகிறது. குலத்துப் பெண்கள் அதைக் கடக்கும்போது தோள்துணியைத் தலைக்கு இழுத்துக்கொள்கிறார்கள். யாரும் அதில் எச்சில் துப்புவதில்லை. டத்துக் வயதாகியும் மாலைகளில் படிமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், மாப்பிள்ளைக்கு மரியாதை குறைகிறதா என்று பார்த்தபடி. சியாஃப்ரில் அந்த வளைவில் ஹாரனை ஒருமுறை மெதுவாக அடித்துவிட்டுப் போகிறான்.

டத்துக் மாங்குத்தோ அலாம் நிலத்தை நகரத்துக்கு நல்ல விலைக்கு விற்றார் என்று மேட்டுக் குடியிருப்பில் புதிதாக வந்தவர்கள் சிலர் பேசிக்கொள்கிறார்கள். அது சரியல்ல. நிலம் அஸ்னிமாருடையது, அவளுக்குப் பின் யெல்வியுடையது. பணம் கொடுத்தது பெண் வீடு.