மேற்படிப்பு

வெள்ளையம்மா ஒரு சேவலைக் காலைக் கட்டிக் கொண்டுவந்து ராஜசேகரனின் காலடியில் வைத்தாள். அவன் சென்னையிலிருந்து கப்பலில் வந்து இறங்கி, மலாயாவில் மாசாய் ஊருக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. "எனக்கெதுக்குக்கா இதெல்லாம்?" என்றான். அவள் அவனுடைய அண்ணன் காளியப்பனைப் பார்த்தாள். தோட்டத்துக் கங்காணியான காளியப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். தம்பியைப் பற்றி ஊராரிடம் பேசும்போதெல்லாம் அவனுக்கு அந்தக் கனைப்பு வந்துவிடும்.

"இவ புருசன் சின்னத்தம்பி ஜெயில்ல இருக்கான்டா. தையில புகைவீட்டுல ரப்பர் காணாம போச்சுன்னு மாத்தாமாத்தா போலீசு வந்து புடிச்சுக்கிட்டுப் போயிட்டான். ரெண்டு வருசம் போட்டுட்டாங்க. அவன் எடுக்கலடா. தோட்டத்துக்கே தெரியும்."

"தைலயா? இப்ப வைகாசியாச்சே. அப்பவே வக்கீல் யாரையும் பாக்கலயா?"

"எதுக்குப் பாக்கணும்? நீ வரப்போறல்ல. ஆபீசுல கணக்கு எழுதுற கிராணி தங்கராஜு கூட கேட்டாரு, ஜொகூர்ல தெரிஞ்ச வக்கீல் இருக்காரு, அப்பீல் போட்டுப் பாக்கலாம்னு. நாந்தான் வேணாம்னுட்டேன். நம்ம வீட்டுலயே வக்கீல வச்சுக்கிட்டு வெளிய போயி நிப்பாங்களா?"

 ராஜசேகரன் சட்டம் படிக்கத்தான் பட்டணத்துக்குப் போனான். பி.ஏ. முடித்த கையோடு சட்டக் கல்லூரியில் சேர்ந்திருக்க வேண்டும். அதற்குள் தத்துவத்தின் மேல் பித்துப் பிடித்து எம்.ஏ.வில் சேர்ந்துவிட்டான். அண்ணனுக்கு 'மேற்படிப்பில் சேர்ந்துவிட்டேன்' என்று மட்டும் எழுதினான். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று தனக்குத்தானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டான். பொய் எந்த நிலையிலாவது தகுமா என்று அவன் எழுதிய கட்டுரையைப் பேராசிரியர் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார். அன்று அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அதே வாரம்தான் இங்கே காளியப்பன் மிச்சமிருந்த கறவை மாட்டையும் விற்றுப் பணம் அனுப்பினான். அதைக் கல்லூரியில் கட்டும்போதுகூட அண்ணனுக்கு உண்மையை எழுத வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்கும், தள்ளிப்போட்டிருப்பான். அதில் அவன் கெட்டிக்காரன்.

"பாக்கலாம்கா" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கே வெள்ளையம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

மறுநாள் மூவரும் பஸ் ஏறி ஜொகூர் பாருவுக்குப் போனார்கள். வழி நெடுக இப்போது சொல்லிவிடலாம், இதோ சொல்லிவிடலாம் என்று ராஜசேகரன் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனக் கிழவரிடம் அண்ணன் அரைகுறை மலாயில் அவனைக் காட்டி ஏதோ சொல்வதும், கிழவர் மரியாதையாகத் தலையசைப்பதும் தெரிந்தது. அதற்குப் பிறகு அவனுக்கு வாயைத் திறக்கவே தோன்றவில்லை.

கோர்ட்டில் மற்ற இருவரும் வராந்தாவில் நின்றுகொண்டார்கள். உள்ளே இருந்த குமாஸ்தா அவனுடைய கோட்டைப் பார்த்து எழுந்து, நீங்கள் வக்கீலா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்றான். இரண்டு வருடமாக வாயில் வராத அந்தச் சொல் அன்னிய மனிதரிடம் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. குமாஸ்தா விவரத்தைப் பார்த்துவிட்டு, தீர்ப்பு வந்த சூட்டோடு வந்திருந்தால் அப்பீல் போட்டிருக்கலாம், சாட்சியும் பலமாக இல்லை, வழி இருந்தது, இப்போது நாள் கடந்துவிட்டதே, ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தார்கள் என்றார். கடிந்துகொள்ளும் குரல்கூட இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

வராந்தாவுக்கு வந்தான். இரண்டு பேரும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

"நாள் போயிடுச்சாம்ணே. இனி அப்பீல் போட முடியாதாம்." பிறகு, நிறுத்தினால் மறுபடி பேச வராது என்ற பயத்தில் அதே மூச்சில் சொன்னான்: "நான் வக்கீலுக்குப் படிக்கலண்ணே. சட்டத்துல சேரவே இல்ல."

காளியப்பனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அடிப்பான் என்று ராஜசேகரன் எதிர்பார்த்தான். அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"அப்ப ரெண்டு வருசமா என்னதான் படிச்ச?"

"தத்துவம்."

காளியப்பன் படியில் உட்கார்ந்தான். "நான் வேற அவளத் தடுத்துப்புட்டேனே" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. "கிராணி வீடு வரைக்கும் வந்து கேட்டாரே."

"உங்க மேல தப்பில்லண்ணே."

"பேசாத."

வெள்ளையம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் நின்றாள். "அது பெரிய படிப்பா தம்பி?" என்று கேட்டாள்.

"பெரிய படிப்புதான்."

"அப்ப அத வச்சு அவர வெளிய கொண்டாற முடியாதா?"

கேலியே இல்லாத கேள்வி. அவன் முடியாது என்று தலையை மட்டும் அசைத்தான். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "வந்தது வந்தோம், அவரப் பாத்துட்டுப் போயிடலாம்" என்று சொல்லி முன்னால் நடந்தாள்.

சிறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சின்னத்தம்பியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பாதி ஆளாக இளைத்திருந்தான். ராஜசேகரனைக் கண்டதும் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு கைகூப்பினான். சிறுபிள்ளையில் 'டேய் சேகரு' என்று கூப்பிட்டுத் தோளில் தூக்கிப் போனவன்.

"ஐயா வந்துட்டீங்களா?"

ராஜசேகரன் வாயெடுப்பதற்குள் வெள்ளையம்மா முந்திக்கொண்டாள். "ஆமா, வந்துட்டாங்க. இனி நீ நல்லா சாப்புடு."

காளியப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். வெள்ளையம்மா அவனைப் பார்க்கவில்லை, ராஜசேகரனையும் பார்க்கவில்லை. புருசனையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் எடுக்கலங்கய்யா. நீங்க நம்புறீங்களா?"

"நம்புறேண்ணே" என்றான் ராஜசேகரன். அதையாவது வாய் குழறாமல் சொல்ல முடிந்தது.

"அது போதும்யா." சின்னத்தம்பி வலைக்கு இன்னும் நெருங்கி வந்தான். "எப்ப வெளிய வருவேன்?"

ராஜசேகரன் வாசலில் நின்ற காவலாளியைத் திரும்பிப் பார்த்தான். காவலுக்கு நின்றவன் கேட்டுவிடாமல் ஐயா ரகசியமாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தானோ என்னவோ, சின்னத்தம்பி முகத்தைத் திருப்பிக் காதைக் கம்பி வலையோடு ஒட்டி வைத்துக்கொண்டான்.