நாற்பத்தொன்றாம் அடிக்குறிப்பு

அன்று காலையிலிருந்து அதிபர் சமூக வலைத்தளத்தில் பதினோரு பதிவுகள் போட்டிருந்தார். ஏழு கோல்ஃப் பற்றி, மூன்று தம் தலைமுடியைப் பற்றி. மீதி ஒன்று, அவரை விசாரிக்கும் தனி வழக்கறிஞர் அலுவலகத்தைப் பற்றி: "சீக்கிரமே நல்ல செய்தி வரும்!"

வாஷிங்டனில் அந்த அலுவலகத்தின் பத்தொன்பது பேரும் அதைப் படித்தார்கள். ஒருவரும் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போகவில்லை.

கட்டடத்தை விட்டு வெளியேற அடையாள அட்டை தேவையில்லை. கண்ணாடிக் கதவு உள்ளிருந்து வரும் ஆளைக் கண்டால் தானே திறக்கும். உள்ளே வரத்தான் அட்டை. அலுவலகத்தை மூடி அதை எந்த நிமிடம் செல்லாததாக்குவார்களோ! காலையில் அட்டையைத் தேய்க்கும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். பச்சை விளக்கு எரிந்தால் உள்ளே ஓடி, மாலைவரை பிஸ்கட் இயந்திரத்தை நம்பி வாழ்ந்தார்கள். நேற்று அதுவும் காலி. நிரப்ப வந்தவனை உளவாளி என்று சந்தேகித்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

உதவியாளன் லைல் பெட்ரோஸ்கிக்குப் பசியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ஒடாலிஸ் என்ற பெண். அதிபரின் வீட்டில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டவள். இஸ்திரி போடுகிறவளுக்கும் காது உண்டு என்பதை மறந்து, பொய் சாட்சி சொல்லும்படி அதிபர் யாருக்கோ தொலைபேசியில் பாடம் நடத்தியதைக் கேட்டவள். "நீதிபதி கைக்குப் போயிட்டா உங்க வாக்குமூலத்தை யாராலயும் தொட முடியாதும்மா" என்று லைல் வாக்குக் கொடுத்திருந்தான். அதற்குள் அலுவலகத்தை மூடினால், கோப்பு அதிபரின் ஆட்களிடம் போகும். அவள் பெயரும் கூடவே போகும்.

வாக்குமூலத்தை நீதிபதியிடம் சேர்க்கும் மனு தயார். தனி வழக்கறிஞர் டிரையர் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

"போட்டுடுங்க சார். ரெண்டு தெரு தள்ளித்தானே கோர்ட்டு, ஓடிப்போய்க் குடுத்துட்டு வந்துடறேன்."

"நாப்பத்தொண்ணாவது அடிக்குறிப்புல பக்க எண் இல்லையேப்பா."

"அதையெல்லாம் யாரு சார் படிக்கப்போறா?"

"நான் படிப்பேன்."

மூன்று மணிக்கு வாசல் காவலர் ஓட்டிஸ் ஐந்து காலி அட்டைப்பெட்டிகளோடு மாடியேறி வந்தார். அந்த ஊரில் காவலர் காலிப் பெட்டியோடு வந்தால், சாமானை எடுத்துக்கொண்டு கிளம்பு என்று அர்த்தம். ஓட்டிஸ் பெட்டிகளை வைத்துவிட்டு இறங்கிவிட்டார். ஒருத்தி அழுதுகொண்டே தன் கள்ளிச்செடியை ஒரு பெட்டிக்குள் வைத்தாள். டிரையர் கையெழுத்திட்டார். லைல் கோட்டைக்கூட எடுக்காமல் ஓடினான்.

மூன்று இருபத்தாறுக்கு நீதிமன்ற எழுத்தர் மனுவில் முத்திரை குத்தினார். லைல் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பினான்.

வாசலில் ஓட்டிஸ் சிரித்தார். "ஏன் தம்பி, மேல என்ன எழவு வீடு மாதிரி இருக்கு? ஃபைல் அடுக்கப் பெட்டி வேணும்னு போன மாசம் நீதானே எழுதிக் குடுத்தே? இன்னிக்குத்தான் வந்துது!"

லைலுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அட்டையைத் தேய்த்தான்.

சிவப்பு.

துடைத்துவிட்டுத் தேய்த்தான். சிவப்பு.

ஓட்டிஸ் திரையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "மூணு முப்பதுக்கு உத்தரவு வந்திருக்கு தம்பி. எல்லார் அட்டையும் காலி. இனிமே உன்னை உள்ள விட்டா என் வேலை போயிடும்."

கைப்பேசி, கோட்டு, வீட்டுச் சாவி எல்லாம் மூன்றாவது மாடியில் இருந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டிரையர் வந்து நின்றார். கையில் லைல் கேட்டு வாங்கிய பெட்டி, அதில் ஒரு காபிக் கோப்பை.

"குடுத்துட்டியா?" என்று கத்தினார்.

"மூணு இருபத்தாறு சார்! நீதிபதிகிட்ட போயாச்சு!"

டிரையர் மூச்சுவிட்டார். பிறகு முகம் சுருங்கியது.

"நாப்பத்தொண்ணு?"

"காலியாத்தான் போச்சு சார்."

அதைத் திருத்த நீதிமன்றத்துக்கே போகிறவர்போல டிரையர் ஓரடி முன்னால் வந்தார். கதவு அவருக்காகத் திறந்தது. வாசலைத் தாண்டினால் திரும்ப முடியாது; சட்டென்று பின்வாங்கினார். மூடியது. மறுபடி வந்தார். திறந்தது.