பக்திக்கு ஏழு வருஷம்

எங்கள் அகராதி அலுவலகத்தில் ஒரு சொல் அச்சுக்குப் போக அதன் அட்டையில் இரண்டு கையெழுத்து வேண்டும். பொருள் எழுதியவருடையது ஒன்று, வேர் எழுதியவருடையது ஒன்று. பொருள் எழுதுவது நான். வேர் எழுத வந்த அம்மாளை எல்லாரும் வேரம்மா என்பார்கள். 'ப' வரிசை முடிந்ததும் வேலையை விட்டு, கடல் தாண்டி இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தார்.

ஆகவே 'பக்தி' அட்டையை ஏழு வருஷம் நான் முடிக்கவில்லை. வரிசையின் தொடக்கத்திலேயே வரவேண்டிய சொல். கடைக்கோடியில் கிடந்த 'பௌர்ணமி' கூடப் போன வருஷமே முடிந்துவிட்டது. அறுநூற்றுப் பதினோரு முறை அழித்து எழுதினேன். நம்பாவிட்டால் மேசை எறும்புகளைக் கேளுங்கள், எண்ணியவை அவைதான். ரப்பர் தூளில் தலைமைப் பதிப்பாசிரியர் இரண்டு தடவை வழுக்கி விழுந்தார். மூன்றாம் தடவைக்குக் காத்திராமல் ஓய்வுபெற்றுவிட்டார்.

வேரம்மா தினமும் என் மேசைக்கு வருவார்.

"என்ன சார், இன்னிக்காவது கையெழுத்து உண்டா?"

"கடவுள்மேல வைக்கிற அன்புன்னு எழுதினா மொட்டையா இருக்குங்க."

"இதையேதான் ஏழு வருஷமா சொல்றீங்க. கடவுளுக்கே சலிச்சுப்போயிருக்கும்."

இந்த இரண்டு நிமிஷத்துக்காகத்தான் நான் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். இதில் துளியும் புளுகு இல்லை.

போன செவ்வாய்க்கிழமை வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவரை உட்கார்ந்ததே இல்லை.

"நான் எழுதின பாதியைப் படிச்சீங்களா?"

படித்ததில்லை. படித்தால் முடிந்துவிடுமே என்ற பயம். அட்டையைத் திருப்பினேன். 'வடமொழி வேர் பஜ்: பங்கிடு, பங்குகொள்.'

"அன்பெல்லாம் பின்னாடி வந்ததுதான் சார். மொதல்ல பங்குதான். உள்ளேயே பூட்டி வெச்சிருந்தா அதுக்கு வேற சொல்லு பாருங்க."

"நான் எதைப் பூட்டினேன்?"

"நான் கேட்டேனா?" அட்டையின் மூலையை நீவிவிட்டார். "தங்கச்சிக்குக் கண்ணு மங்கிட்டே வருது. படிச்சுக் காட்ட ஆள் இல்லை."

"நீங்க போயிட்டா இந்த மேசைப் பக்கம் யாரும் வரமாட்டாங்க. அதான்..."

"தெரியும். புதுப் பதிப்பாசிரியர்கிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மறுநாளே கையெழுத்துப் போட்டிருப்பீங்க. சொன்னேனா?"

பேனாவை அவரே திறந்து கொடுத்தார். என் பெயரில் ஆறே எழுத்து. எவ்வளவு மெதுவாகப் போட முடியுமோ அவ்வளவு மெதுவாகப் போட்டேன். அவரும் அவசரப்படுத்தவில்லை.