அலுன் உதைத்த பந்து

பென்லன் ஊர் அலுன் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் உதைத்த பந்து கீழே வரவில்லை. அது 1977. கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்கு ஒரு கை தூரம் முன்னால், சட்டத்தைவிட ஓராள் உயரம் மேலே போய் நின்றது, நின்றது நின்றதுதான். அந்த வருடம் ஆட்டிறைச்சி விலை ஏறியிருந்தது, சுரங்கத்தில் வாரக்கூலி ஏறவில்லை, ஆற்றில் கரி கலந்து கறுப்பாகவே ஓடியது. பந்து நின்றதையும் இவற்றோடு சேர்த்துத்தான் ஊர் பேசியது. தென்வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் மனிதர்களுக்கு ஆச்சரியப்பட நேரமிருந்ததில்லை, ரக்பி இருந்தது.

அன்றைக்கு கும்ராக் ஒன்பது புள்ளி, பென்லன் ஏழு. பாலத்துக்கு இந்தப் பக்கம் பென்லன், அந்தப் பக்கம் கும்ராக். பென்லன் சிவப்பு, கும்ராக் பச்சை. நேரம் முடிந்துவிட்டது, கடைசி உதை அலுனுடையது, சட்டத்துக்கு மேலே, இரண்டு கம்பத்துக்கும் நடுவே, உள்ளே போனால் மூன்று புள்ளி, பென்லன் ஜெயிக்கும். ஆனால் ரக்பியில் மணி அடித்தால் ஆட்டம் முடிந்துவிடாது. பந்து செத்தால்தான், அதாவது கீழே விழுந்து ஆட்டத்துக்கு வெளியே போனால்தான், முடியும். அந்தரத்தில் நிற்கிற பந்து சாகாது. ரெஃப்ரி பிரிட்சர்ட் விசிலை வாயில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை நின்றார், பிறகு ‘ஆட்டம் நடக்கிறது’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். சாகும்வரை அவர் வேறெதற்கும் அந்த விசிலை ஊதவில்லை, நாயைக் கூப்பிடக்கூட ஊதவில்லை. அதோடுதான் புதைத்தார்கள். தீயணைப்புக்காரர்கள் ஏணி வைத்துப் பந்தை இழுத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்து அளந்தார், இரண்டு பியர் குடித்தார், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

கம்பத்துக்கு ஓராளாக இரண்டு பேர் கொடியோடு நிற்பது வழக்கம். பந்து உள்ளே போனால் கொடியைத் தூக்க வேண்டும். ஊர் ஆட்டங்களில் ஊருக்கு ஒரு ஆள். பென்லன் கொடி அலுனின் அப்பா எம்ரிஸிடம் இருந்தது, கும்ராக் கொடி டியூடரிடம். மகன் உதைத்த கணத்தில், பந்து வழியில் இருக்கும்போதே, எம்ரிஸ் கொடியைத் தூக்கிவிட்டார். பெற்ற வயிறு பொறுக்காது என்பார்கள். அப்பனுக்குக் கை பொறுக்கவில்லை. பந்து நின்றதற்கு அந்த அவசரம்தான் காரணம் என்று கும்ராக்கில் இன்றும் சொல்கிறார்கள். டியூடரின் கொடி தரையைப் பார்த்தபடியே இருந்தது.

இந்த இரண்டு பேரும் எதிரிகள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒரே சுரங்கத்தில், ஒரே தூக்குக்கூண்டில் இருபது வருடம் இறங்கியவர்கள், ஒரே டப்பாவிலிருந்து ரொட்டி தின்றவர்கள். ஒருமுறை கூரை இடிந்து எம்ரிஸ் தலையிலிருந்து இடுப்புவரை புதைந்தபோது, காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டவர் டியூடர். இழுத்துக்கொண்டே, “பென்லன் காலு ஆச்சே, அதான் கனக்குது. ஓடிப் பழக்கமிருந்தா இளைச்சிருக்கும்” என்றார். எம்ரிஸ் வாயில் மண்ணோடு சிரித்தார். பாலத்தடி மதுக்கடையில் ஒரு சட்டம் இருந்தது, எந்தக் காலத்தில் யார் போட்டதோ தெரியாது: கேலி எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம், கேலிக்குக் கோபப்பட்டவன் தோற்றவன். தோற்றவன் தன் மஃப்ளரைக் கழற்றிவிட்டு எதிர் ஊர் மஃப்ளரைப் போட்டுக்கொள்ள வேண்டும், இரண்டு ஊரும் மோதும் அடுத்த ஆட்டம்வரை கழற்றக் கூடாது. பழைய நாட்களில் அது ஒரு வருட அவமானம். இந்த ஆட்டமே முடியாதபோது அடுத்த ஆட்டம் எங்கிருந்து வரும்? 1977-க்குப் பிறகு கோபப்படுகிறவன் ஆயுளுக்கும் தோற்றவனாகிவிடுவான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அன்று மைதானத்தில் தலைநகர் கார்டிஃபிலிருந்து வந்த மூன்று ஓவர்கோட்டுக்காரர்கள் இருந்தார்கள். வேல்ஸ் அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள், அலுனைப் பார்க்கவே வந்தவர்கள். பத்தாம் எண் சட்டை கிட்டத்தட்ட அவன் தோளில் ஏறிவிட்டது என்று பேச்சு. பந்து நின்றதும் அவர்கள் கம்பத்தடிக்கு வந்து கொடிக்காரர்களைக் கேட்டார்கள். உள்ளே போகிற பந்து என்றார் எம்ரிஸ். அப்பன் பேச்சு அம்பலம் ஏறுமா, அவர்கள் டியூடர் பக்கம் திரும்பினார்கள். டியூடர் முகத்தைக் கோயில் பாதிரி மாதிரி வைத்துக்கொண்டு, “இடது பக்கமா போகுது சார். இன்னும் கொஞ்சம் விட்டா வேலிக்கு அந்தப் பக்கம் பாரி வீட்டு முட்டைக்கோஸ் பாத்தியில விழும்” என்றார். இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்தது. ஓவர்கோட்டுக்காரர்களும் சிரித்தார்கள், மணியைப் பார்த்தார்கள், போனார்கள். பிப்ரவரியில் பத்தாம் எண் சட்டை கும்ராக் பையன் டெல்வினுக்குப் போயிற்று. அலுனுக்குக் கடைசிவரை வரவில்லை.

இரண்டு வருடம் அலுன் அந்தப் பந்துக்குக் கீழேயே பயிற்சி செய்தான். பிறகு வடக்கே இங்கிலாந்துக்குப் போய், சம்பளத்துக்கு ஆடுகிற பதின்மூன்று பேர் ரக்பியில் சேர்ந்தான். ரக்பிக்குக் காசு வாங்குவது அந்தக் காலத்தில் பள்ளத்தாக்கில் மன்னிப்பில்லாத குற்றம். குடித்துவிட்டு வண்டி ஓட்டினவனும் மனைவியை விட்டு ஓடினவனும் கிளப்புக்குள் வரலாம், வடக்கே போனவன் வாசல்படி மிதிக்கக் கூடாது. அவன் மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். “வந்துருச்சாப்பா?” என்பான். “இன்னும் இல்லடா.” “காத்து எப்படி?” “மேற்குக் காத்துதான்.” அவ்வளவுதான் பேச்சு. அவனுக்குக் கல்யாணம் ஆனதும், அது முறிந்ததும், முழங்கால் போனதும், கூரை போடுகிற வேலைக்குப் போனதும் எம்ரிஸுக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

ஆட்டம் நடந்துகொண்டிருந்ததால், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கு மறுநாளும் முப்பது ஆட்டக்காரர்களும் சட்டை மாட்டிக்கொண்டு அவரவர் நின்ற இடத்தில் வந்து நின்றார்கள். ஒரு மணி நேரம் பந்தைப் பார்ப்பார்கள், பிறகு மதுக்கடைக்குப் போவார்கள். சட்டைகளுக்குள் தொப்பை வளர்ந்தது. செத்தவர்களின் இடம் காலியாக விடப்பட்டது, நடு ஆட்டத்தில் அத்தனை ஆள் மாற்ற விதியில்லை. உதைத்தவன் நின்ற இடமும் காலி. வேலைநிறுத்தம் வந்தது, ஒரு வருடம் ரொட்டிக்கு வரிசையில் நின்றார்கள், சுரங்கம் மூடப்பட்டது, ஆறு தெளிந்தது, அதில் மீன் வந்தது. எம்ரிஸ் வருடம் தவறாமல் கம்பத்தடியில் கொடியைத் தூக்கியபடியே நின்றார். தூக்கிய கொடியைத் தீர்ப்பு வராமல் இறக்குவதெப்படி? பக்கத்துக் கம்பத்திலிருந்து டியூடர், “கை வலிக்கலையா மாப்ளே? கொடிக்கு ஒரு கயிறு கட்டிக்க. துணி காயப்போடவாவது ஆகும்” என்பார். எம்ரிஸ் சிரிப்பார். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: டியூடர் ஒருநாள், விளையாட்டில்லாமல், அது உள்ளே போகிற பந்து என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டு வாங்க முடியாது. கேட்டால் குரல் உடையும், குரல் உடைந்தால் கோபம் வெளியே வந்துவிடும்.

வேல்ஸ் ஆடுகிற சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டெலிவிஷன் பார்த்தார்கள். இங்கிலாந்தோடு ஆட்டம் என்றால் பாலமே கிடையாது, எல்லோருக்கும் ஒரே தொண்டை. தேசியப் பாட்டு முடிந்ததும் பாலம் திரும்ப முளைத்துவிடும்.

“இன்னைக்கு டீம்ல கும்ராக் பசங்க மூணு பேரு. பென்லன் எத்தனை மாப்ளே? எண்ண விரல் பத்துமா?”

“எங்க ஊர்லேர்ந்து ஒருத்தன் போயிருக்கான் பங்காளி. உங்க மூணு பேருக்கும் பூட்ஸ் கட்டிவிடறதுக்கு. தானா கட்டத் தெரியாதாமே?”

“அந்த டெல்வினைப் பாரு, என்ன உதை! மேலே போச்சு, கீழே வந்துச்சு. சாமானிய வித்தை இல்ல. உங்க ஊருக்கு முதல் பாதிதான் வரும்.”

“கீழே வந்துச்சு சரி, எங்க வந்துச்சுன்னு பாரு. இங்கிலீஷ்காரன் மடியில.”

கடை அதிரும். எம்ரிஸும் சிரிப்பார், எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பார். கண்ணாடி டம்ளரைப் பிடித்திருந்த அவர் கையை யாரும் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால், வேல்ஸ் ஜெயித்த நாட்களிலும் அந்த விரல்கள் வெளுத்திருந்தது தெரிந்திருக்கும்.

2002 அக்டோபரில் அலுன் ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையிலிருந்து விழுந்து செத்தான். ஊருக்குக் கொண்டுவந்து மலைமேல் சேப்பல் கோயிலுக்குப் பின்னால் புதைத்தார்கள். டியூடர் பெட்டியைத் தூக்கினார். அதற்குப் பிறகு மதுக்கடையில் யாரும் எம்ரிஸைக் கேலி செய்யவில்லை. பந்தைப் பற்றி, கொடியைப் பற்றி, பென்லன் வேறு ஊர்களிடம் தொடர்ந்து ஆறு ஆட்டம் தோற்றதைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை இல்லை. வாயில்லாப் பூச்சிகள் மாதிரி எல்லோரும் வானிலை பேசினார்கள். கேலி செய்யப்படக்கூடத் தகுதியில்லாமல் போய்விட்டோம் என்பது எம்ரிஸுக்குப் புரிந்தது. பள்ளத்தாக்கில் ஒரு மனிதனுக்கு அதைவிடப் பெரிய சாவு இல்லை.

அந்த வருடமும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்தது. மைதானத்தில் சிவப்பில் ஒன்பது கிழவர்கள், பச்சையில் பதினொன்று. எம்ரிஸ் தன் இடத்தில் கொடியைத் தூக்கினார். அப்போது பக்கத்தில் டியூடரின் கொடியும் மெதுவாக மேலே போயிற்று. இருபத்தைந்து வருடமாகத் தரையைப் பார்த்த கொடி. எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். பந்து அசையவில்லை.

“உள்ளதான் போச்சு மாப்ளே,” என்றார் டியூடர். கண்ணில் தண்ணீர். “நல்ல உதை. உள்ளதான் போச்சு.”

எம்ரிஸ் தன் கொடியை இறக்கினார். கம்பத்துக்குக் கம்பம் நடந்து டியூடர் முன்னால் வந்து நின்றார்.

“எதைப் பார்த்துத் தூக்குன?”

“என்ன மாப்ளே?”

“பந்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா?”

டியூடரின் கொடி பாதி கீழே இறங்கியது.

“பாவம்னு தூக்குன கொடி எனக்கு வேணாம்டா. அன்னைக்கு அந்த மூணு கோட்டுக்காரனுங்க கேட்டானுங்களே, அப்ப தூக்கியிருக்கணும். தூக்க வேணாம், ‘தெரியலை’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக்கூட என் பையன் பொழைச்சிருப்பான். முட்டைக்கோஸ்னு சொன்ன. ஊரே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அவன் சேறோட அங்க நின்னு என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தான், நான் சிரிச்சேன்டா! என் காலைப் பிடிச்சு இழுத்தவனாச்சேன்னு சிரிச்சேன், ஒரு மஃப்ளருக்குப் பயந்து சிரிச்சேன். இந்தப் பள்ளத்தாக்கையே தீ வச்சுக் கொளுத்தணும்போல இருக்கு எனக்கு. இருபத்தஞ்சு வருஷமா இருக்கு.”

குரல் மலைவரை போய்த் திரும்பியது. எம்ரிஸ் தன் சிவப்பு மஃப்ளரைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு தலையைக் குனிந்தார்.

“போடு.”

“வேணாம் மாப்ளே. யாரு கேட்டா இப்ப? சட்டமெல்லாம் சும்மா குடிகாரப் பேச்சு.”

“அந்தச் சும்மாவுக்குத்தான் நான் பையனைக் குடுத்தேன். போடு.”

டியூடர் தன் கழுத்திலிருந்த பச்சை மஃப்ளரைக் கழற்றினார். எம்ரிஸ் கழுத்தில் முடிச்சு இரண்டாம் தடவைதான் விழுந்தது.

அடுத்த கோடையில் கார்டிஃபிலிருந்து ரக்பி சங்கத்தின் கடிதம் வந்தது. நான்கு பள்ளத்தாக்கின் கிளப்புகளையும் சேர்த்து ஒரே அணி, அதற்கு ஒரு பருந்தின் பெயர், சாம்பலும் ஆரஞ்சுமாக ஒரு நிறம். சிவப்பும் பச்சையும் இனி பையன்களுக்கான ஆட்டத்தில் மட்டும். கும்ராக் சட்டையைக் கொளுத்த யாரும் இல்லை, பென்லன் தோற்றால் விருந்து வைக்க யாரும் இல்லை. எல்லோரும் ஒரே கட்சியாகிவிட்டார்கள், அதனால் யாருக்கும் யாரோடும் பேச ஒன்றும் மிஞ்சவில்லை. மதுக்கடை மூடியது. மைதானத்தை ஒரு பெரிய கடைக்கு விற்றார்கள். கம்பங்களை அறுத்தபோது பந்து விழும் என்று இரண்டு ஊரும் வந்து காத்திருந்தது. விழவில்லை. இப்போது அது எதற்கு முன்னால் நிற்கிறது என்பதுகூட யாருக்கும் தெரியாது. கடைக்காரர்கள் அதைச் சுற்றியே சுவரும் கூரையும் எழுப்பினார்கள். உறைந்த பட்டாணி வைக்கிற குளிர்பெட்டிகளுக்கு மேலே பந்து அமைந்தது.

எம்ரிஸ் செவ்வாய்க்கிழமைகளில் அங்கே வெங்காயமும் ரொட்டியும் வாங்குகிறார். கோடையிலும் கழுத்தில் பச்சை மஃப்ளர். பணம் வாங்கும் பெண் வெளியூர்க்காரி. “இது எந்த டீம் மஃப்ளர் தாத்தா?” என்று ஒருநாள் கேட்டாள். “இன்னும் ஜெயிக்காத டீம்மா” என்றார். டியூடரும் செவ்வாய்க்கிழமைதான் வருகிறார், வேண்டுமென்றே. தள்ளுவண்டியை மெதுவாக எம்ரிஸ் பக்கம் கொண்டுவந்து, “பச்சை உனக்கு எடுப்பா இருக்கு மாப்ளே” என்பார், பழைய குரலில், பதில் கேலிக்குக் காத்திருந்து. கோபப்பட்டுத் தோற்றவனுக்கு அதற்கப்புறம் சிரிக்க வேண்டிய கடமை கிடையாது. எம்ரிஸ் வெங்காயத்தை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து தராசில் வைக்கிறார். டியூடர் தலையை நிமிர்த்திப் பந்தைப் பார்த்துவிட்டு, பட்டாணி எடுத்துக்கொண்டு போகிறார்.

பந்தில் காற்று இன்னும் குறையவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கடைப் பையன்கள் நீளக் குச்சியில் துணி கட்டி அதன் தூசியைத் துடைக்கிறார்கள்.