உசரத்துப் பொண்ணு

அக்கா, தூங்கிட்டியா? தூங்கியிருந்தாலும் பரவால்ல, காலைல எந்திரிச்சுப் படி. நானு போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு டைப் பண்றேன். போன் வெளிச்சம் தெரிஞ்சா அம்மா புடுங்கிரும். நாளைக்குக் காலைல நம்ம களத்துல பாஸ்கெட்பால் மேட்ச்சு. அதுல ஆட என்னைய எடுத்திருக்காங்க.

சிரிக்காத.

ஆமா, நானேதான். பிரேயர்ல மொத வரிசையில நிக்கிற நானேதான். இதெல்லாம் நீ நாமக்கல் ஹாஸ்டலுக்குப் போனதுக்கு அப்புறம் நடந்த கூத்து, அதனால மொதல்ல இருந்து சொல்றேன்.

சேந்தமங்கலத்துல இருந்து முரளி சார்னு ஒரு பி.டி. சார் வந்தாரு. வந்தவரு கம்முனு இருக்காம மலை மேல பொண்ணுங்களுக்குன்னு ஒரு லீக்கு ஆரம்பிச்சுப் போட்டாரு. வளப்பூரு, எடப்புளி, வாசலூர்பட்டி, இப்படி நாலஞ்சு டீமு. அதுல நம்ம வளப்பூரு எப்பவும் கடைசி. ரெண்டு வருசமும் கடைசி. ஒரே ஒரு மேட்ச்சு ஜெயிச்சோம், அதுவும் ரோட்டுல மரம் சாஞ்சு எடப்புளிக்காரங்க வேனு வராததால. அன்னைக்கும் நாங்க பட்டாசு வெடிச்சோம்.

நம்ம களம்தான் உனக்குத் தெரியுமே. கேழ்வரகு காயப்போட லாயக்கு, பந்து வெளையாட லாயக்கில்ல. ஒரு பக்கம் எறக்கம். பந்து கோட்டத் தாண்டுச்சுன்னா மரவள்ளிக் காட்டுக்குள்ள உருண்டு, கீழ அருள்மொழி ஊட்டு மாட்டுக் கொட்டாயிலதான் போய் நிக்கும். பாதி மேட்ச்சு பந்து தேடறதுலயே போயிரும். மீதிப் பாதியிலதான் தோப்போம்.

ஆனா எனக்கு அந்த டீமுன்னா உசுரு. ஒரு மேட்ச்சு விடமாட்டேன். தொண்டை கட்டற வரைக்கும் கத்துவேன். வாட்சப்புல ரசிகர் மன்றம் கூட வெச்சிருக்கோம். நானு, டீக்கடை பொன்னாயி அக்கா, பலாப்பழ லோடு ஆட்டோ ஓட்டற அர்த்தனாரி அண்ணன், அப்புறம் கார்த்தின்னு ஒருத்தரு. அந்தக் கார்த்தி யாருன்னு எங்க யாருக்குமே தெரியாது. எப்படியோ உள்ள வந்துட்டாரு, டெய்லி குட்மார்னிங் மட்டும் போடுவாரு. ஒவ்வொரு மேட்ச்சு தோத்தப்புறமும் நான்தான் அதுல வாய்ஸ் நோட்டு போடுவேன். யாரு ஓடல, யாரு பந்தப் பாத்துக் கண்ண மூடிக்கிட்டா, எல்லாம் புட்டுப் புட்டு வெப்பேன்.

இந்த லீவுல டீமு இன்னும் மோசமாப் போச்சு. கூடையில பந்து போடத் தெரிஞ்ச ஒரே புள்ள திருப்பூருக்குக் குடிபோயிட்டா. இன்னொருத்திய "பத்தாவது வந்துட்ட, ஆடுனது போதும்"னு அவங்கப்பா நிறுத்திட்டாரு. மீதி நாலே பேரு, எறங்க அஞ்சு பேரு வேணும். வந்து சேந்தது என்னன்னா புது ஜெர்சி. அத்தனையும் ஒரே பெரிய சைஸு. "பொண்ணுங்க வளருவாங்க"ன்னாரு சார். எனக்குக் குடுத்தது முட்டிக்குக் கீழ தொங்குது.

அப்பத்தான் சார் டீக்கடையில ஒக்காந்து சொன்னாரு, "கவலப்படாதீங்க, இந்த வருசம் நாம டிராப்ட் எடுக்கறோம்."

பொன்னாயி அக்கா டீ ஆத்தறத நிறுத்திட்டாங்க. "டிராப்டுங்களா? எந்த பேங்குலங்க சார்?"

"பேங்கு இல்லீங்க. எந்த டீமுலயும் இல்லாத ஒம்பதாவது பத்தாவது பொண்ணுங்க பேரு எல்லாம் ஒரு லிஸ்ட்டுல கெடக்கும். டீமுங்க ஒண்ணொண்ணா ஆளு எடுத்துக்கலாம். கடைசியா வந்த டீமுக்குத்தான் மொத வாய்ப்பு. அமெரிக்காவுல இப்படித்தானுங்க."

"தோத்தவனுக்குப் பந்தியில மொத எலயா? நல்ல ஊரா இருக்குதே!"

எனக்குத் தலகால் புரியல. மொத வாய்ப்புன்னா அருள்மொழிதான், வேற யாரு? நம்ம அருள்மொழிய நீ பாத்து நாளாச்சு. வாசப்படியில குனிஞ்சுதான் உள்ள போறா. தொரட்டி இல்லாமயே பலாக்காயப் பறிக்கிறா. அன்னைக்கு ராத்திரியே ஒரு வாய்ஸ் நோட்டு போட்டேன். "நமக்கு வேண்டியது உசரம். உசரம் மட்டுந்தான். டீமுன்னா பாசம் பாக்கக் கூடாது. ஆட வராத ஆள தயவுதாட்சண்யம் இல்லாம தள்ளிவிட்டு, ஆடற ஆள வாங்கோணும்." அர்த்தனாரி அண்ணன் அதுக்கு பத்து கைதட்டு போட்டாரு. கார்த்தி குட்மார்னிங் போட்டாரு.

டிராப்ட் நடந்தது போன ஞாயித்துக்கெழம. வாசலூர்பட்டி ஏரிக்கரையில பந்தல் போட்டு, மைக்கு வெச்சு. அன்னைக்குப் பாத்து சாருக்கு மலைக்குக் கீழ சொந்தக்காரங்க கல்யாணம். அர்த்தனாரி அண்ணன் எப்படியும் அங்க பழம் எறக்கப் போறாருன்னு, பேரு சொல்ற பொறுப்ப அவருகிட்டக் குடுத்துட்டாரு. நானும் பழத்து மேல ஒக்காந்து கூடவே போனேன்.

அங்க ஒரு பக்கம் மைக்கு எரைச்சல், இன்னொரு பக்கம் படகுல வந்த டூரிஸ்டுங்க சத்தம். அண்ணன் ஒரு காதப் பொத்திக்கிட்டு சாருக்குப் போன் போட்டாரு. சாரு அந்தப் பக்கம் நாதஸ்வரத்துக்கு நடுவுல கத்தறாரு. ஸ்பீக்கர்ல போட்டதால எனக்கும் கேட்டுச்சு.

சாரு சொன்னது, "நம்ம ஊரு உசரமான பொண்ணுங்க!"

அண்ணன் காதுல உழுந்தது, "நம்ம ஊரு உசரத்துப் பொண்ணுங்க."

நீயே சொல்லுக்கா, நம்ம ஊட்ட ஊருல என்னன்னு சொல்லுவாங்க? மேட்டு மேல கடைசியா இருக்கறதால உசரத்து ஊடு. அருள்மொழி ஊடு பள்ளத்து ஊடு. அப்ப உசரத்துப் பொண்ணு யாரு?

ஆனா அண்ணன் மேல தப்பு சொல்ல முடியாது. அவரு ஒண்ணுக்கு ரெண்டு தடவ கேட்டாரு. "ஏனுங்க சார், உசரத்துப் பொண்ணுதானுங்களே? நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க."

"அட அதே பொண்ணுதாங்க! ஊருக்குள்ள எங்க இருந்து பாத்தாலும் தெரியுமேங்க!"

"ஆமாமுங்க, எங்க இருந்து பாத்தாலும் தெரியுமுங்க"ன்னு அண்ணன் போன வெச்சுட்டு மைக்கப் புடிச்சாரு. நான் அதுக்குள்ள அருள்மொழி பேருதான் வரப்போவுதுன்னு விசிலடிக்க வெரல வாயில வெச்சுட்டேன்.

"வளப்பூர் டீமு மொத மொதல்ல எடுக்கற பொண்ணு... தாமரைச்செல்வி!"

நான் விசிலடிச்சுட்டேன்க்கா. அடிச்சு முடிச்சப்புறம்தான் அது என் பேருன்னு ஒறைச்சுது.

படகுல இருந்த டூரிஸ்டு கூடத் திரும்பிப் பாத்தாங்க. அடுத்த வாய்ப்பு எடப்புளிக்கு. அவங்க கோச்சு தேன்மொழி அக்கா ஓடி வந்து, கிட்டத்தட்ட அண்ணன் கையில இருந்து மைக்கப் புடுங்கி, "அருள்மொழி!"ன்னாங்க. எடப்புளிக்காரங்க ஆடுன ஆட்டத்துல பந்தக்கால் ஆடுச்சு.

அண்ணனுக்கு ஒண்ணும் புரியல. "ஏன் கண்ணு மூஞ்சி இப்படிப் போவுது? பாஸ்கெட்பாலப் பத்தி உன்னைய விட எச்சாத் தெரிஞ்ச ஆளு இந்த மலையிலயே இல்ல. சாரு சரியாத்தான் எடுத்திருக்காரு"ன்னு எனக்கு ஒரு சொளை பலாப்பழம் குடுத்தாரு. அழுதுக்கிட்டே தின்னேன்.

நான் மாட்டேன்னு சொன்னா அஞ்சாவது ஆளு இல்ல, டீமே கலைஞ்சுரும். அதனால ஆடியே ஆகோணும். நாளைக்கு யாரு கூட மேட்ச்சு? எடப்புளி கூட. மேட்ச்சு ஆரம்பிக்கறப்ப நடுவுல ரெண்டு பேரு எதிருக்கெதிரா நிக்கோணும், பந்த மேல போடுவாங்க, எகிறித் தட்டோணும். மொதல்ல எடுத்த ஆளுங்கதான் அதுக்கு நிக்கோணும்னு ரூலாமா. அந்தப் பக்கம் அருள்மொழி. இந்தப் பக்கம் நானு. அவ கையத் தூக்கவே வேண்டாம், சும்மா நின்னாப் போதும். நான் உசுரக் குடுத்துக் குதிச்சா அவ தோளுக்கு வருவேன். ஊரே வேடிக்க பாக்கும்க்கா. அம்மா வேற புதுச்சேல எடுத்து வெச்சிருக்குது.

இது பத்தாதுன்னு, இன்னைக்குச் சாயங்காலம் முரளி சாரு மூச்சு வாங்கிக்கிட்டு மேடேறி நம்ம ஊட்டுக்கு வந்தாரு. ஒரு சொம்புத் தண்ணிய ஒரே மூச்சுல குடிச்சுப்போட்டு, "இதுதான் உசரத்து ஊடா"ன்னு ஒரு தடவ சுத்திப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, "சாமி, தேன்மொழி மேடம் போன் பண்ணாங்க. அருள்மொழியத் திருப்பிக் குடுக்கறாங்களாம்."

"எதுக்குங்க சார்?"

"பஸ்ஸு. பிராக்டிசுக்கு எடப்புளிக்குப் போனா பாரு, மூணாவது வளைவுலயே ஆரம்பிச்சுட்டாளாம் வாந்தி. அங்க போயி நாள் முழுக்க மரத்தடியில படுத்திருந்துட்டு அப்படியே திரும்பி வந்துட்டா. இங்கன்னா நடந்து வந்துருவா இல்ல?"

நான் துள்ளிக் குதிச்சேன். அப்புறம்தான் சாரு இழுத்தாரு. "ஆனா ஆளுக்கு ஆளு மாத்தோணுமாம். அவங்க உன்னையக் கேக்கறாங்க."

"என்னையா? எனக்குப் பந்து புடிக்கவே தெரியாதுங்களே!"

"அது அவங்களுக்குத் தெரியும் கண்ணு. 'எங்க பொண்ணுங்க நல்லா ஆடுதுங்க, ஒண்ணுக்கும் வாய்தான் இல்ல. உங்க ஊருல ஒரு குட்டப்பொண்ணு கத்துமே, அதக் குடுங்க, பெஞ்சுல ஒக்காந்து கத்தட்டும்'ங்கறாங்க. நான் உன்னைய வற்புறுத்த மாட்டேன். நீயே முடிவு பண்ணு. மேட்ச்சு ஆரம்பிக்கற வரைக்கும் டைம் இருக்குது."

பாத்தியாக்கா என் நெலமைய? இங்கயே இருந்தா நாளைக்கு மானம் போகும், டீமும் தோக்கும். மாறிப் போனா நம்ம களத்துல, நம்ம ஊரு சனத்துக்கு முன்னால, எடப்புளி சட்டையப் போட்டுக்கிட்டு எடப்புளிக்குக் கத்தோணும். சேதி பரவி பொன்னாயி அக்கா இப்பவே குரூப்புல போட்டுட்டாங்க, "அந்தச் சட்டையோட எங்கடைக்கு வந்தீன்னா டீ கெடையாது சாமி, சுடுதண்ணிதான்." அர்த்தனாரி அண்ணன் ஒரு அழுவற பொம்ம போட்டாரு.

அப்பத்தான் கார்த்தி டைப் பண்றாருன்னு காட்டுச்சு. குட்மார்னிங் தவுர ஒண்ணும் போடாத மனுசன், ராத்திரி நேரத்துல. என்னத்த அனுப்புனாருன்னு நெனைக்கற? என்னோட பழைய வாய்ஸ் நோட்டத் தேடி எடுத்து எனக்கே அனுப்பியிருக்காரு. காதுல வெச்சுக் கேட்டேன். என் குரல் எவ்வளவு திமிரா இருக்குது தெரியுமா. "டீமுன்னா பாசம் பாக்கக் கூடாது. ஆட வராத ஆள தயவுதாட்சண்யம் இல்லாம தள்ளிவிட்டு..."

அந்த ஆட வராத ஆளு நாந்தான்க்கா.

ரொம்ப நேரம் ரோசன பண்ணேன். டீமுல இருக்கற புள்ளயா ரோசன பண்ணா அழுவாச்சி வருது. ரசிகையா ரோசன பண்ணா கணக்கு ஒடனே வந்துருச்சு. என்னையக் குடுத்து அருள்மொழிய வாங்கறதா? வளப்பூர் டீமுக்கு இத விட லாபமான பேரம் இதுவரைக்கும் அமைஞ்சதில்ல, இனிமேலும் அமையாது. வேற யாரையாவது இப்படி மாத்துனா நான் தொண்ட கிழியக் கத்தியிருப்பேன், "ஒடனே மாத்துங்க"ன்னு.

அதனால இப்பத்தான் சாருக்கு மெசேஜ் போட்டேன். "சார் என்னையக் குடுத்துருங்க."

அவரும் தூங்கல போல. ஒடனே நீல டிக்கு வந்துச்சு. "நீதான் கண்ணு உண்மையான வளப்பூர்க்காரி. தேன்மொழி மேடத்துகிட்ட நான் சொல்லிக்கறேன். அருள்மொழிகிட்ட விடியறதுக்குள்ள நீயே போயிச் சொல்லிரு. உங்க ஊருல எது பள்ளம் எது உசரம்னு எனக்கு இன்னும் பிடிபடல. நான் போனா வேற எந்தப் பொண்ணையாச்சும் கூட்டியாந்துருவேன்."

இப்ப எனக்கு வேற பயம். பள்ளத்து ஊட்டு நாயி பொல்லாதது. அதக் கூடச் சமாளிச்சுருவேன். ஆனா நாளைக்கு அருள்மொழி ஒரு பந்து போட்டான்னா, எடப்புளி பெஞ்சுல ஒக்காந்துக்கிட்டு நான் விசிலடிச்சுருவேனோன்னு இருக்குது. என் வாயப் பத்தி உனக்குத் தெரியும்.

அதான் போர்வைக்குள்ளயே மெதுவாக் கத்திப் பழகலாம்னு பாத்தேன். "எடப்புளி"ன்னு ஒரு தடவ சொல்லிரோணும், அவ்வளவுதான். வாயத் தெறந்தா "எட"ங்கற வரைக்கும்தான் வருது. மறுபடியும் "எட". இன்னொருக்கா கொஞ்சம் பலமா, "எட!"

அம்மா தூக்கத்துல பொரண்டு படுத்து அதட்டுது: "இந்நேரத்துல யாருடி அது மொளகு எட போடறது? யாவாரிய விடிஞ்சு வரச் சொல்லு."

போன வெக்கறேன்க்கா.