மேப்பிள் விறகுக்குப் பின்னால் ஒரு ஹீட் பம்ப்

லூசியன் டேகல் விறகு வியாபாரி. ஆற்றைத் தாண்டினால் கனடா என்று இருக்கும் அந்த அமெரிக்க மெய்ன் மாநிலத்து ஊரில், குளிர்காலத்தில் பாதி வீடுகள் சூடாக இருந்தது அவன் புண்ணியத்தில்தான். இதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவனே சொல்லிக்கொள்வான். அப்படிப்பட்டவன் வீட்டில் ஹீட் பம்ப் வைக்கப் போவதாக அவன் மனைவி ஜனின் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் அறிவித்தாள். வாயில் போட்ட உருளைக்கிழங்கை அவனால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

“எது? வீட்டுக்கு வெளியே மின்விசிறி வெச்ச பெட்டி ஒண்ணு நிக்குமே, அதுவா?”

“அதேதான். வெளிக்காத்துல இருக்கிற சூட்டை உறிஞ்சி உள்ள கொண்டு வருமாம்.”

“ஜனவரி மாசக் காத்துல சூடா? மீசை உறைஞ்சு போற குளிர்ல? வெளியே அவ்வளவு சூடு கொட்டிக் கிடந்தா, நான் எதுக்கு இத்தனை வருஷமா மரம் வெட்டிக்கிட்டு இருக்கேன்?”

“அதைத்தான் நானும் ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்,” என்றாள் ஜனின்.

அவள் பக்கம் நியாயம் இருந்தது. பனி கொட்டும் நாட்களில் லூசியன் விடியும் முன்பே லாரியை எடுத்துக்கொண்டு ஊர் முழுக்க விறகு இறக்கப் போய்விடுவான். வீட்டு அடுப்பு பத்து மணிக்கெல்லாம் அணைந்துவிடும். அடித்தளத்து அறைக்கு இறங்கி விறகு தூக்கி வருவது ஜனினின் வேலை. அந்த விறகாவது உருப்படியா என்றால் அதுவும் இல்லை. நன்றாகக் காய்ந்த மேப்பிள் எல்லாம் வாடிக்கையாளர்களுக்கு. யாரும் வாங்காத பாப்லர், ஈரம் வற்றாமல், முடிச்சு முடிச்சாக, சொந்த வீட்டுக்கு. போன குளிர்காலத்தில் ஜனின் கம்பளித் தொப்பியோடுதான் சமைத்தாள்.

“ஊர் என்ன சொல்லும்? விறகுக்காரன் வீட்லயே விறகு எரியலன்னா?”

“இப்பவும்தான் எரியல. புகைஞ்சுக்கிட்டுதான இருக்கு.”

லூசியன் உருளைக்கிழங்கை ஒருவழியாக விழுங்கினான்.

ஜனினின் தங்கை மகள் ஓடெட்டுக்கு ஹீட் பம்ப் பொருத்துவதுதான் தொழில். செப்டம்பரில் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். லூசியன் அவள் பின்னாலேயே நடந்தான்.

“பின்பக்கம் வெச்சிடும்மா. ரோட்ல போறவன் கண்ணுல படக் கூடாது.”

ஓடெட் கூரையை நிமிர்ந்து பார்த்தாள். “பின்பக்கம்தான் உங்க கூரைப் பனி மொத்தமும் சரிஞ்சு விழுது பெரியப்பா. ஒரு பசுமாட்டை அங்க கட்டி வெச்சாக்கூட தட்டையாயிடும். சமையலறைப் பக்கச் சுவர்தான் சரி.”

“அது ரோட்டைப் பாத்துல்ல இருக்கு!”

“இருக்கட்டுமே. என்ன, வேற பொண்டாட்டியா கொண்டாந்து வைக்கிறீங்க, ஒளிச்சு வைக்க?”

சமையலறை ஜன்னலுக்குள்ளிருந்து ஜனினின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

வேலை ஒரே நாளில் முடிந்துவிட்டது. சுவரில் கையளவு ஓட்டை போட்டார்கள். செம்புக் குழாய்களைப் பஞ்சுறை சுற்றி உள்ளே விட்டார்கள். வரவேற்பறைச் சுவரில் உயரமாக ஒரு வெள்ளைப் பெட்டி. வெளியே, பனி எவ்வளவு குவிந்தாலும் மூழ்காதபடி இடுப்புயர இரும்புத் தாங்கியின் மேல் விசிறிப் பெட்டி. லூசியன் எல்லாவற்றையும் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தான்.

“உங்க ஃப்ரிட்ஜ் உள்ள இருக்கிற சூட்டை எடுத்துப் பின்னாடி தள்ளுதுல்ல? அதே வேலைதான் பெரியப்பா. இங்க வெளியிலேர்ந்து எடுத்து உள்ள தள்ளுது,” என்றாள் ஓடெட். “ஒண்ணே ஒண்ணுதான். இது மூச்சு விடணும். முன்னாடியும் பக்கத்துலயும் எதையும் வைக்காதீங்க.”

“சரி சரி,” என்றான் லூசியன், கேட்காத மனிதர்கள் சொல்வதைப் போலவே.

அந்த வார இறுதியில் ஜனின் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அவன் காரியத்தில் இறங்கினான். ஊரான் பார்வையில் படுகிற இடத்தில் கோணல்மாணலான பாப்லரையா அடுக்க முடியும்? கொட்டகையிலிருந்து முதல் தர மேப்பிளைக் கொண்டுவந்து, பெட்டிக்கு மூன்று பக்கமும் சுவர் எழுப்பினான். ஒவ்வொரு கட்டையும் ஒரே அளவு, ஒரே சீர். மேலே ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். ரோட்டிலிருந்து பார்த்தால் அழகான விறகுக் குவியல். மாதாகோயில் பீடத்தைக்கூட அவ்வளவு அக்கறையாக யாரும் அலங்கரித்திருக்க மாட்டார்கள்.

“மழை படாம இருக்கத்தான்,” என்றான் ஜனின் வந்து கேட்டபோது. அவள் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அக்டோபர் இதமாகப் போனது. நவம்பர் கடைசியில் முதல் கடுங்குளிர் அடித்தபோது சுவர்ப் பெட்டி முனகியது, பெருமூச்சு விட்டது, சற்று நின்று மறுபடி முனகியது. அதிலிருந்து வந்த காற்றில் ஒரு பூனைக்குட்டி கூடக் குளிர் காய்ந்திருக்காது. ஜனின் கோட்டை மாட்டிக்கொண்டாள். லூசியனுக்கோ கிறிஸ்துமஸ் ஒரு மாதம் முன்னதாகவே வந்துவிட்டது போல இருந்தது.

“நான் அப்பவே சொன்னேன்ல? காத்துல சூடாம்!” என்று பாடாத குறையாக அடுப்பைப் பற்ற வைத்தான். ஈரப் பாப்லர் வீடெங்கும் புகைந்தது. ஜனின் இருமிக்கொண்டே ஓடெட்டுக்குப் போன் செய்தாள்.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் வர்றாளாம்,” என்றாள்.

லூசியன் அடுப்பில் இன்னொரு கட்டையைப் போட்டான். அன்றிரவுதான் அவனுக்கு அந்த ‘மூச்சு விடணும்’ ஞாபகத்துக்கு வந்தது.

ஞாயிறு பூசைக்கு ஜனின் மட்டும் போனாள். லூசியன் முதுகுவலி என்று சொல்லிவிட்டு, அவள் கார் தெருமுனையில் மறைந்ததும் கையுறையைப் போட்டுக்கொண்டு விறகுச் சுவரைப் பிரிக்க ஆரம்பித்தான். கட்டைகள் பனியில் ஒன்றோடொன்று உறைந்து ஒட்டியிருந்தன. சம்மட்டியால் தட்டித் தட்டிப் பெயர்க்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம்கூட முடியவில்லை, அதற்குள் பூசை முடிந்து கார்கள் வரிசையாக வர ஆரம்பித்தன. முதல் காரிலேயே கில்மன் மிஷோ இருந்தான். காப்பிக் கடையில் நாள் தவறாமல் லூசியனுக்கு எதிரே உட்காருகிறவன். காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான்.

“என்னடா லூசியன், விறகுக்குள்ள யாரையோ கட்டி வெச்சிருக்க? ஐயையோ, மூச்சுத் திணறுது பாரு, சத்தம் வருது!”

“போடா உன் வேலையைப் பாத்துக்கிட்டு!”

“இது ஹீட் பம்ப்ல? ஏய், இங்க வாங்கடா!” இன்னும் இரண்டு கார்கள் நின்றன.

சொன்ன நேரத்துக்கு முன்பே ஓடெட்டின் வேனும் வந்து சேர்ந்தது. அவள் இறங்கிவந்து, தார்ப்பாயைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். விசிறியின் மேல் பனிக்கட்டி பாறையாகப் படர்ந்திருந்தது.

“பெரியப்பா, பாவம் இது. தான் துப்பின குளிர்க் காத்தையே திரும்பத் திரும்பக் குடிச்சுக்கிட்டு இருக்கு. இதுல எங்கேர்ந்து சூடு எடுக்கும்?”

லூசியன் சம்மட்டியைக் கீழே வைத்தான். காது நுனிவரை சிவந்திருந்தது. குளிரால் என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு ஒரு வசதி.

“சரி,” என்றான். “நான்தான் அடுக்கினேன். ஆளாளுக்கு நின்னு வேடிக்கை பாக்காம கை கொடுங்கடா.”

கில்மன் உட்பட எல்லோரும் சிரித்துக்கொண்டே கோட்டைக் கழற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை உடையில் நாலைந்து பேர் வரிசையாக நின்று கட்டைகளைக் கைமாற்றினார்கள். ஓடெட் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பனிக்கட்டியைக் கரைத்து எடுத்தாள். பூசையிலிருந்து வந்த ஜனின் இதைப் பார்த்ததும், உள்ளே போய்க் கல்லைப் போட்டு அத்தனை பேருக்கும் அந்த ஊர்த் தோசையான ப்ளோய் ஊற்றினாள். அவர்கள் அதில் வெண்ணெயும் மேப்பிள் பாகும் தடவிச் சுருட்டித் தின்று முடிப்பதற்குள் வரவேற்பறையில் ஒவ்வொருவராக மேல்சட்டையைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள். லூசியன் சுவர்ப் பெட்டிக்குக் கீழே போய் நின்று கையை உயர்த்திப் பார்த்தான். பார்த்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான்.

“டேய், அந்த மேப்பிள் இனி உனக்கு எதுக்கு? என் வீட்ல இறக்கிடு,” என்றான் கில்மன்.

“அதைத் தொட்டா கையை ஒடிச்சிடுவேன்,” என்றாள் ஜனின் சமையலறையிலிருந்து. “கல்யாணமானதுலேர்ந்து இந்த வீட்டுக்கு நல்ல விறகு வந்தது இதான் முதல் தடவை. அதுவும் ஒரு மெஷினை ஒளிச்சு வைக்க. அது இங்கயே எரியும்.”

சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. லூசியன் மட்டும் சிரிக்கவில்லை. அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அது பொய்யில்லை என்பது அவனுக்கு எங்கேயோ தைத்துவிட்டது. மறுநாள் காலை அவன் முதல் லோடை ஊருக்கு எடுத்துப் போகவில்லை. அடித்தளத்து அறையிலிருந்த பாப்லர் முழுவதையும் வெளியே எறிந்துவிட்டு, காய்ந்த மேப்பிளை அடுக்கி, ஜனின் படியிறங்காமல் இருக்க ஒரு பெட்டி நிறைய அடுப்புக்குப் பக்கத்திலும் கொண்டுவந்து வைத்தான். ஜனின் அதைப் பார்த்தாள். அன்றைக்கு அவனைக் கேலி செய்யவில்லை.

ஊர் என்ன சொன்னது என்றால், நிறையவே சொன்னது. காப்பிக் கடையில் கிறிஸ்துமஸ் வரை வேறு பேச்சே இல்லை. ஆனால் விறகு வாங்குவதை யாரும் நிறுத்தவில்லை. ஊரில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் விறகடுப்போடு, விறகு இறக்கும்போது கண்ணில் படாத பக்கமாக, ஏற்கெனவே ஹீட் பம்பும் இருந்தது. லூசியன் மனசு கஷ்டப்படுமே என்று எவரும் அவனிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். கில்மன் வீட்டுப் பின்பக்கம் இரண்டு இருந்தன.