சின்னவள் கேட்ட இரண்டு கதை

1

இந்தக் கதை என் யோசனை இல்லை. என் மனைவியின் தங்கை கேட்டு வாங்கியது. வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். பெரியவள் போன பிறகும் அந்தப் பெயரை யாரும் மாற்றவில்லை.

[“போன” என்று எழுதியிருக்கிறேன். “இறந்த” என்றுதான் எழுத வேண்டும். பிறகு திருத்துகிறேன்.]

மாமனார் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். போன வாரம் சின்னவள் படியேறி வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

“மாமா, சும்மாதானே இருக்கீங்க?”

“ஆமா.”

“ரெண்டு கதை எழுதிக் குடுங்க. நான் பயோமெடிக்கல் எடுத்தா என்ன ஆகும்னு ஒண்ணு. எடுக்காம கம்ப்யூட்டர் எடுத்தா என்ன ஆகும்னு ஒண்ணு. எது நல்லா இருக்கோ அதுல சேர்ந்துடறேன்.”

“வெளாடுறியா?”

“இந்த வீட்ல வேற யாரைக் கேக்கறது? நீங்களாவது கத்த மாட்டீங்க.”

அது உண்மை. எனக்குக் கத்த வரவில்லை. பசியும் வரவில்லை. எழுதவாவது வருகிறதா பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு படிப்பிலும் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. எது என்று சொல்ல நாளை மாலைவரை அவகாசம்.

2

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்:

அவளுக்குப் பதினேழு வயது. உலகம் அவள் முன்னால் விரிந்து

வேண்டாம். எங்கள் வீட்டில் அப்போது எதுவும் விரியவில்லை. சுருட்டி வைத்த பாய்கூட.

மருத்துவமும் பொறியியலும் கைகோக்கும் இடத்தில்

இது கல்லூரி விளம்பரம்.

அக்காவின் கட்டிலுக்குத் தலைமாட்டில் ஒரு திரை

இதில் தொடங்கினால் என்னால் நிறுத்த முடியாது. சாப்பாட்டு நேரத்தில் தொடங்குகிறேன். அங்கே கொஞ்சம் சிரிக்க இடமுண்டு.

3

சின்னவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “பயோமெடிக்கல் எடுக்கலாம்னு இருக்கேன்.”

அப்பாவுக்கு மோட்டார் சைக்கிள் உதிரி பாகங்கள் விற்கும் கடை. எந்தப் படிப்பையும் அவர் கடையை வைத்துத்தான் அளப்பார்.

“அதுல என்ன பண்ணுவாங்க?”

“ஆஸ்பத்திரி மிஷினெல்லாம் செய்யறது, சரி பாக்கறது.”

“மிஷினைக் கழட்டி மாட்டவா நாலு வருஷம்? கடைக்கு வா, ஆறே மாசத்துல கத்துத் தர்றேன். சம்பளமும் தர்றேன்.”

“உங்க கடையில யாருக்குப்பா மூச்சு வாங்குது?”

“எனக்குத்தான். கடன் சொல்லிட்டுப் போறவனைத் தொரத்தி.”

யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டாள்.

“ஆஸ்பத்திரி வாசலை இந்த வீட்டுல இனி யாரும் மிதிக்கக் கூடாது. ஒருத்தியைக் குடுத்தது போதும்.”

“அம்மா, நான் நோயாளியாப் போகல. வேலைக்குப் போறேன்.”

“எப்படிப் போனாலும் அதே நாத்தம்தாண்டி அடிக்கும்.”

சின்னவள் துப்பட்டா நுனியை முகர்ந்தாள். அந்த வாடை அவள் துப்பட்டாவில் இன்னும் இருந்தது. துவைத்தும் இருந்தது. அல்லது இருப்பதாக அவளுக்குப் பட்டது.

[துப்பட்டா என் கற்பனை. மற்றது எல்லாம் நடந்தது. சிரித்தது நான் இல்லை.]

4

இங்கே ஒரு சிக்கல். ஏன் அந்தப் படிப்பு என்று கதையில் சொல்லியாக வேண்டும். “அக்கா செத்ததால்” என்றால் போதும் என நினைத்தேன். எழுதியதைக் காட்டினேன். சின்னவள் படித்துவிட்டு, “இது பத்தாது மாமா” என்றாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ நடந்ததைப் போல, கீழே வருவதைச் சொன்னாள். எனக்கு அதுவரை தெரியாது.

அக்காவின் ஆள்காட்டி விரலில் ஒரு கிளிப் மாட்டியிருந்தார்கள். உடம்பில் எவ்வளவு பிராணவாயு இருக்கிறது என்று அது திரையில் எண்ணாகக் காட்டும். அந்த எண்ணைப் பார்க்கக் குடும்பம் மொத்தமும் கற்றுக்கொண்டது. வந்தவர்கள் அக்காவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் திரையைப் பார்த்தார்கள். “தொண்ணூத்தேழு, நல்லாருக்கா” என்று அப்பா போனில் சொந்தக்காரர்களுக்குச் சொன்னார், பரீட்சை மார்க் சொல்வதுபோல.

ஒருநாள் எண் திடீரென்று இறங்கியது. அம்மா அலறினாள். நர்ஸ் ஓடி வந்து பார்த்தார். கிளிப் விரலைவிட்டு நழுவியிருந்தது. “இதுக்கா இந்தக் கூப்பாடு?” என்று மாட்டிவிட்டுப் போனார். மறுநாளும் அப்படியே. அடுத்த முறை அப்பாவே மாட்டினார். நர்ஸ் பாராட்டினார்.

நான்காவது முறை அறையில் சின்னவள் மட்டும் இருந்தாள். மாமா கீழே மருந்துக் கடைக்குப் போயிருந்தார். எண் இறங்கியது. அவள் கத்தவில்லை. கிளிப்பைக் கழற்றினாள், துடைத்தாள், மாட்டினாள். அது ஏறவில்லை. வேறு விரலில் மாட்டினாள். பிறகு மறு கையில். அதற்குப் பிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

[அந்த மாமா நான்தான். கதையில் அவருக்கு இவ்வளவுதான் வேலை.]

அந்தச் சில நிமிடங்களால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். பொதுவாகச் சொன்னார். அவருக்குக் கிளிப் விஷயம் தெரியாது.

5*

சின்னவள் ஓர் ஆஸ்பத்திரியின் கருவிப் பிரிவுக்குப் போனாள். அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. மேசை முழுக்க வயர்கள். அங்கே ஓர் இன்ஜினியரம்மா ஒரு கையில் டீயும் மறு கையில் ஸ்க்ரூடிரைவருமாக நின்றார்.

“படிக்கணும்னு வந்தியா? நல்லா யோசிச்சுக்கோ. மேல இருந்து பத்து தடவை கூப்பிட்டா ஏழு தடவை பிளக் போட்டிருக்க மாட்டாங்க.”

“மீதி மூணு?”

“சுவிட்ச் போட்டிருக்க மாட்டாங்க.”

சின்னவள் சிரித்தாள். பிறகு, கேட்க வந்ததைக் கேட்டாள். கிளிப் நழுவினால் ஒரு மாதிரி, ஆளுக்கே முடியாமல் போனால் வேறு மாதிரி, பிரித்துச் சொல்லும் கருவி செய்ய முடியுமா? அதைச் செய்யத்தான் அவள் படிக்க விரும்பினாள்.

“அது எப்பவோ வந்தாச்சும்மா. கிளிப் கழண்டா நம்பரே வராது, அந்த எடத்துல வெறும் கோடுதான் வரும். நம்பர் எறங்குதுன்னா அது நிஜமாவே...”

இன்ஜினியரம்மா அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். டீயை நீட்டினார்.

சின்னவள் கண்ட திரையில் கோடு இல்லை. எண்தான் இருந்தது.

* இந்தப் பகுதி முழுக்கக் கற்பனை. அப்படி ஓர் அறைக்கு அவளும் போகவில்லை, நானும் போகவில்லை. ஒரு நண்பனிடம் போனில் கேட்டு எழுதினேன். டீ மட்டும் என் சொந்தச் சரக்கு.

6

முடிவு, ஒன்று: அவள் பயோமெடிக்கல் படிக்கிறாள். வருடங்கள் கழித்து, வெள்ளைக் கோட்டில், ஒரு வார்டுக்குள் நுழைகிறாள். அங்கே ஒரு குடும்பம் திரையையே பார்த்துக்கொண்டு

அடித்துவிட்டேன். மிகவும் ஒழுங்காக இருக்கிறது. அந்தக் கட்டிலில் படுத்திருப்பவளுக்கு என்னை அறியாமல் என் மனைவியின் கொண்டையை வைத்துவிட்டேன்.

முடிவு, இரண்டு: அவள் கம்ப்யூட்டர் படிக்கிறாள். நல்ல வேலை. கல்யாணத்தன்று, கூட்டத்துக்கு நடுவே, பெரியவள் வந்து

இதையும் அடித்துவிட்டேன். எந்தப் படிப்பில் சேர்த்தாலும் பெரியவள் வந்து நிற்கிறாள். எழுதுகிற கை அப்படி.

7

இன்று மதியம் இதுவரை எழுதியதைச் சின்னவளிடம் கொடுத்தேன். படியில் உட்கார்ந்து படித்தாள். மூன்றாம் பகுதிக்குச் சிரித்தாள். ஐந்தாம் பகுதியில் நின்றுவிட்டாள். மறுபடி முதலிலிருந்து அந்தப் பகுதியைப் படித்தாள்.

“மாமா.”

“ம்.”

“என்னைத் திட்டணும்னா நேரா திட்டியிருக்கலாமே. எதுக்கு ஒரு இன்ஜினியரம்மாவைப் புடிச்சுட்டு வந்தீங்க?”

எனக்கு உடனே புரியவில்லை. தாளை வாங்கிப் படித்தேன். அவள் சொன்னது சரி. அந்த அறையில் நான் அவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தேன். தீர்ப்புச் சொல்ல ஆள் வைத்திருந்தேன். எழுதும்போது, கதை நன்றாகப் போகிறது என்று மட்டும்தான் நினைத்தேன்.

“தெரியாம எழுதிட்டேன்.”

“தெரியாமன்னா?”

தாளை மடித்தேன், பிரித்தேன். அவள் எழுந்து போகவில்லை.

“கோபம் இருந்திருக்கு,” என்றேன். “யார் மேலன்னு தெரியல. அன்னிக்கு ரூம்ல இருந்தது நீ மட்டும்தான். அதான் உன் மேல வெச்சுட்டேன்.”

“இப்ப?”

“நான் அங்க இருந்திருந்தாலும் கிளிப்பைத்தான் மாட்டியிருப்பேன்.”

அவள் வெகுநேரம் அழுதாள். நான் பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். கீழே அவள் அம்மா யாரிடமோ எதற்கோ கத்திக்கொண்டிருந்தாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, சின்னவள் தாளைத் திரும்பப் பிடுங்கினாள்.

“உங்க இன்ஜினியரம்மாவுக்கு வேலை தெரியல. கிளிப் முழுசா கழண்டாத்தான் கோடு வரும். பாதி நழுவினா நம்பர் எறங்கும். விரல் ஜில்லுன்னு இருந்தாலும் தப்பா எறங்கும். அக்கா விரல் ஜில்லுன்னுதான் இருந்துச்சு. திரையை மட்டும் பாத்து யாராலயும் சொல்ல முடியாது.”

“இதெல்லாம் எப்பப் படிச்சே?”

“படிச்சேன்.” பேனாவுக்குக் கை நீட்டினாள். “அந்தம்மாவை மாத்துங்க. இல்லைன்னா குடுங்க, நான் மாத்தறேன்.”

கொடுத்தேன். ஐந்தாம் பகுதியின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதத் தொடங்கினாள். ஒரு விரலை வரைந்தாள். அதன் வழியாகக் கிளிப்பின் வெளிச்சம் போகும் பாதையை அம்புக்குறி போட்டுக் காட்டினாள். அம்பு ஓரிடத்தில் சிதறியது. அங்கே ஒரு கேள்விக்குறி போட்டு, நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அக்காவைப் பற்றி அந்த ஓரத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை.

இதை வைத்து அவள் எதில் சேர்வாள் என்று நான் சொல்லலாம். சொன்னால் அது என் மூன்றாவது முடிவு ஆகிவிடும். முதல் இரண்டின் லட்சணம் உங்களுக்கே தெரியும். சோர்வாகவும் இருக்கிறது.

இந்த இடத்தில், முடிவை உங்கள் கையில் தருகிறேன் என்று எழுதிவிட்டு எழுந்து போவது வழக்கம். தரப்போவதில்லை. உங்களுக்கும் ஒரு கருத்து இருக்கும். வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் உங்களைக் கேட்கவில்லை. இப்போது என்னையும் கேட்கவில்லை.